மணிமேகலையின் போன் இன்டர்வியூ

நைட் ஷிப்ட் முடிந்து மில் வேனிலிருந்து இறங்கும்போது மணிமேகலைக்குக் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வேடசந்தூர் ரோட்டுப் பஞ்சு மில் ஒன்றில் பதினாலு வருஷமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்பதேதான்; அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே மெஷினுக்கு மெஷின் நடக்க வேண்டும், அங்கே நாற்காலி என்கிற சாமானே கிடையாது. வீடு வந்து சேர்ந்தால் முட்டி ரெண்டும் விண்விண்ணென்று தெறிக்கும்.

அதனால்தான் ஒட்டன்சத்திரத்து விதைக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அப்படித் தவித்தாள். விவசாயிகள் போனில் சந்தேகம் கேட்பார்கள், உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பிளஸ் டூ போதும், பயிர்பச்சை தெரிந்திருந்தால் சரி. கன்னிவாடியில் பிறந்தவளுக்குக் கத்தரியையும் முருங்கையையும் சொல்லியா கொடுக்கணும்? உட்கார நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன், ராத்திரி தூக்கம். மனுஷிக்கு வேறென்ன வேண்டிக் கிடக்கிறது! இன்டர்வியூவும் போனிலேதான், அன்றைக்குப் பதினோரு மணிக்கு.

புருஷன் காமராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு வாரமாக அவன்தான் வாத்தியார். கட்டிலில் எதிரே உட்கார்ந்து அவன் கேள்வி கேட்பான், அவள் மடை திறந்த மாதிரி பதில் சொல்வாள். அன்றைக்குக் காலையில்தான் அவனுக்கு அது உறைத்தது.

"போன்லதான கேக்கப் போறாக? போன்லயே ஒருக்கா பாத்துருவம்" என்று மொட்டைமாடிக்கு ஏறிப் போய்க் கூப்பிட்டான்.

மணிமேகலை எடுத்தாள். ஓசை வந்தது, சொல் வரவில்லை.

"என்னது? சிக்னல் இல்லீங்க" என்றாள்.

அவன் தண்ணித் தொட்டி மேல் ஏறினான், அவள் தெருவுக்கு வந்து நின்றாள், போனைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். ம்ஹூம். கடைசியில் அவன் கடுப்பாகி இறங்கி வந்து, அவள் எதிரே நின்று, "ஏன் மில்லு வேலைய விடுறீங்க?" என்றான். டக்கென்று பதில் சொன்னாள். அவனுக்கு என்ன தோன்றியதோ, முதுகைக் காட்டித் திரும்பி நின்று இன்னொரு கேள்வி கேட்டான். அவன் கேட்டு முடித்தது தெரியாமல் அவள் கேள்விக்காகக் காத்து நின்றாள்.

மில்லில் மெஷின் இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே எல்லாரும் எதிராளி உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவோடு பேசுவது வீடியோ காலில், மற்றவர்கள் போனைக் காமராஜே எடுத்துவிடுவான். இப்படியே ஓட்டியதில், காது போய்விட்டது என்பது காதுக்குச் சொந்தக்காரிக்கே தெரியவில்லை.

காமராஜ் அவளைத் தன் எதிரே உட்கார வைத்தான்.

"பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டியே. நான் திமிருன்னு நெனச்சேன் மேகலை. எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பாவி மில், முட்டியோடு போகாமல் காதையும் தின்றுவிட்டதே!

"மணி என்னாச்சுன்னு பாருங்க" என்றாள்.

யோசனை சொன்னது காமராஜ்தான். ஸ்பீக்கரைப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்துகொள்வது. கம்பெனி ஆள் கேட்பதை அப்படியே சத்தமில்லாமல் உதட்டால் சொல்வது. பதினோரு மணிக்குப் போன் வந்ததும் அப்படியே செய்தார்கள்.

"கத்தரியில புழுன்னு ஒருத்தர் கூப்புடுறாரு. மொதல்ல என்ன கேப்பீங்க?" என்று காமராஜின் உதடு கேட்டது.

"நட்டு எத்தன நாளாச்சு, வாடுன குருத்தக் கிள்ளி எறிஞ்சீகளான்னு கேப்பேன் சார்."

கேள்வி மேல் கேள்வியாக வந்தது. எதற்கும் அவள் திணறவில்லை. கடைசியில் காமராஜின் கண் கலங்கிவிட்டது. உதட்டை நன்றாக விரித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "திங்கக்கெழம வந்து சேந்துருங்கம்மா."

மணிமேகலைக்கு உடம்பெல்லாம் லேசானது. நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கூடவே திங்கட்கிழமையும் வந்து நின்றது. அன்றைக்கு அவளுக்கு எதிரே யார் உட்கார்ந்து உதடு அசைப்பார்கள்? எவனோ ஒரு விவசாயி எந்த மருந்து அடிக்கட்டும் என்று கேட்க, இவள் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லி அவன் கொல்லையில் பயிர் கருகினால்? அவள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டுக் காமராஜ் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"சார், ஒண்ணு சொல்லணும். எனக்குப் போன்ல காது கேக்காது. மில்லுல போயிருச்சு. இம்புட்டு நேரம் எங்க வீட்டுக்காரரு வாயசைச்சாரு, நான் பாத்துச் சொன்னேன்."

போனில் அந்த ஆளின் ஓசை மறுபடி கேட்டது. கொஞ்சம் நீளமாகவே கேட்டது. மணிமேகலை புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதடு அசையவில்லை. ஓசை நின்றதும் போனை எடுத்து அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன சொன்னாரு?"

காமராஜ் எழுந்துபோய்ப் பாயை விரித்தான். தலையணையைத் தட்டிப் போட்டான். பிறகு அவள் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தான்.

"செத்த நேரம் படு மேகலை. மில்லு வேன் வாரதுக்குள்ள எழுப்பி விடுறேன்."