அக்காவின் கார்டில் என் சாமான்

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் கணவர் தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். மனைவி கையில் ரொக்கம் தரமாட்டார். தன் கணக்கில் ஒரு கிரெடிட் கார்டு மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார். வார இறுதியில் அதில் மளிகை வாங்கினால் கேஷ்பேக் உண்டு. அதுவும் அவர் கணக்குக்கே போகும்.

"உன் சாமானையும் என் கார்டுல போட்டுரலாம் லா. காச என்கிட்ட குடுத்துரு," என்றார் அக்கா. அப்படியே செய்துவந்தோம். அந்தக் காசு எதற்கு என்பதை ஒருநாள் காரில் வைத்துத்தான் சொன்னார்.

"செடெனாக்ல தங்கச்சி இருக்கா. அங்க ஒரு ரூம் எடுக்கணும். இனிமே என்னால அடி வாங்க முடியாது."



ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய அக்காவின் கணவர் சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். என் மகளின் டயப்பர் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அவர்கள் வீட்டில் குழந்தை கிடையாது.

"இது யாருக்கு?"



"என்னோடதுண்ணே," என்றேன். "கேஷ்பேக் வருமேன்னு நான்தான் கேட்டேன். காச உங்ககிட்டயே குடுத்துர்றேன்."

"எத்தன நாளா நடக்குது?"

"இன்னிக்குத்தான் முதல் தடவ."

நான் நீட்டிய நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார். "சந்தேகம் வந்துருச்சு. பழைய கார்டு பில்லெல்லாம் எடுத்துத் தொகையக் கூட்டிப் பார்ப்பாரு."

ஞாயிறு முழுவதும் அவர்கள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கள் காலை அவர் மோட்டார் சைக்கிள் தெருமுனையைத் தாண்டியதும் அக்கா ஒரே ஒரு பையோடு ஓடிவந்தார். மகளைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துவிட்டுக் காரைக் கிளப்பினேன். செடெனாக் போய்ச் சேரும்வரை அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார்.

அன்று மாலை அக்காவின் கணவர் எங்கள் கேட்டை உலுக்கினார். கைப்பேசியில் பழைய பில்களைக் காட்டி, "முதல் தடவன்னு சொன்னியே! அவ எங்க?" என்று கத்தினார்.

"சொல்ல மாட்டேன்."

அந்த வார்த்தை எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை. என் கணவர் வெளியே வந்து நின்ற பிறகுதான் அவர் போனார்.

அக்கா போலீசில் புகார் கொடுத்தார். அடுத்த மாதமே செடெனாக்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். எனக்குத்தான் வெகுநாள்வரை கேட் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடும்.