திருப்பி வைத்த ஜன்னல்

காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். பயத்தால் இல்லை, கோபத்தால். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லித்தான் என் அக்காவைச் சாகடித்தார்கள். அதனால் பேய், ஆவி எதையும் நான் நம்பினதில்லை, நம்பவும் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது, அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோனது. இருந்தாலும் விழுப்புரத்து வீட்டில் பட்டப்பகலில் நடந்ததை இந்தக் காதால் கேட்டேன். நீங்கள் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

அக்கா பெயர் அஞ்சலை. திண்டிவனத்தில் ரோட்டைப் பார்த்த வீட்டில் வாக்கப்பட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு, மூச்சு முட்டினால் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள், முந்தானையில் ஓமம் முடிந்து வைத்து அதை மோந்துகொண்டே இருப்பாள். அவ்வளவுதான் அவள் செய்த பாவம். எதிரில் லாரி ஷெட் இருந்தது, அங்கே நிற்கிற ஆம்பளைகளைப் பார்க்கத்தான் நிற்கிறாள் என்று மாமாவுக்குப் புத்தி போனது. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஒருநாள் ஜன்னல் கதவு இரண்டையும் சாத்தி, நீள ஆணியாக வாங்கிவந்து அடித்துவிட்டார். ஊரில் கேட்டவர்களிடம், "இவளுக்குக் காத்து புடிச்சிக்கினு கீதுங்க, சன்னலத் தொறந்தா இன்னும் ஏறிக்கும்" என்றார். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் கூட்டத்துக்கு நடுவில் வேப்பிலையால் அடிக்கவும் வைத்தார். அங்காளம்மாவுக்குத் தெரியும் அவளுக்கு ஒன்றுமில்லை என்று. பார்த்தவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்று மாமாவுக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள்.

நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா அந்த இரண்டு கதவும் சேருகிற சந்தில் வாயை வைத்துக்கொண்டு நிற்பாள். அங்கே மட்டும் ஒரு நூல் அளவுக்கு வெளிக்காற்று வரும். "கொஞ்சம் காத்து வேணுங்க, ஒரு தடவ தொறந்து வுடுங்க" என்று கெஞ்சுவாள். மாமா சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார். "ஏன்டி, புடிச்சிருக்குற காத்து போதலியா ஒனக்கு?"

இதைத் தினமும் சொல்வார். அவருக்கு அது ஒரு தமாஷ்.

கத்திரி வெயிலில் ஒருநாள் அந்தச் சந்தில் வாயை வைத்தபடியே அக்கா போய்விட்டாள். அவள் பிள்ளை சேகர் அப்போது நடை பழகுகிற குழந்தை. எனக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் நிலைக்கவில்லை, நான்தான் அவனை வளர்த்தேன். அவன் அம்மாவுக்குக் காத்து பிடித்திருந்தது என்றுதான் அவனும் நம்பினான். அவன் அப்பா முகத்துக்கு முன்னால் அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு ஒருநாளும் நாக்கு எழவில்லை.

இப்போது சேகர் விழுப்புரத்தில் புது வீடு கட்டினான். திண்டிவனத்து வீட்டை இடிக்கப் போகிறோம், அதில் உள்ள பழைய தேக்கு ஜன்னலில் நல்லதைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், மீதி அறைகளுக்குப் புது மாதிரி இழுத்து மூடுகிற ஜன்னல் போடலாம் என்று பேச்சு. ஆசாரி வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். மேலே பார்ப்பதே இல்லை, குனிந்து சட்டத்தின் அடி மூலையில்தான் ஸ்க்ரூடிரைவரால் குத்துவார், மழைத் தண்ணீர் நிற்பது அங்கேதானாம். உளுத்திருந்தால் சோற்றில் குத்தின மாதிரி உள்ளே போகும். கூடத்து ஜன்னல் போச்சு, சமையலறையில் கரையான். அக்கா அறை ஜன்னலில் குத்தினார், ஸ்க்ரூடிரைவர் எகிறி வந்தது.

"இது மரம்! கீலு பாரு சேகரு, தேயவே இல்ல. இந்தச் சன்னல யாருமே தொறந்து மூடல போல?"

மாமா பின்னால் நின்றிருந்தார். வயதாகிவிட்டது, ஆனால் குரல் மட்டும் அப்படியே. "அதெல்லாம் வேணாம். பேஜாரு புடிச்ச மரம். ஒடச்சி அடுப்புல போடு."

சேகர் என்னைப் பார்த்தான். "இன்னா சித்தி சொல்ற?"

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த ஜன்னல் விரியத் திறக்கணும், அதை அந்த மனுஷன் கண்ணால் பார்க்கணும். செத்தால்கூட அதைப் பார்த்துவிட்டுச் சாகணும். மாமா எதிரில் வாழ்நாளில் நான் பேசின வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

"அது வரட்டும்பா."

விழுப்புரத்தில் கட்டுகிற வீட்டுப் பின்னால் ஓலைக் கொட்டகையில் வைத்து அதை நான்தான் சுரண்டினேன். மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே என்னவோ ஒரு மஞ்சள். ஆணிகளை ஆசாரி பிடுங்கிக் கொடுத்தார், ஓட்டையில் மக்கு வைத்து அடைத்தோம். பெயிண்ட் போன பிறகு பார்த்தால், கதவின் உள்பக்கத்தில், இரண்டும் சேருகிற இடத்தில், வாய் அகலத்துக்கு மரம் வழவழவென்று தேய்ந்து கறுத்துக் கிடந்தது. எனக்குத் தெரியாதா அது என்னவென்று.

"இன்னாம்மா அது, எண்ண பட்ட மாதிரி? உப்புத்தாளு போட்டு நல்லா தேயி" என்றார் ஆசாரி.

சரி என்று தலையாட்டினேன், தேய்க்கவில்லை. பாலீஷ் மற்ற இடத்தில் எல்லாம் ஏறிப் பிடித்துக்கொண்டது, அந்த இடத்தில் மட்டும் காயவே இல்லை. கண்ணாடியில் ஊதினால் வருகிற மாதிரி ஒரு மங்கல், துடைத்தால் மறுபடியும் வரும். மரம் எண்ணெய் கக்குகிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொருத்துகிற அன்றைக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்தக் கால ஜன்னல், கதவு அறைக்கு உள்ளே திறக்கும், கம்பி வெளிப்பக்கம். சேகர் பெண்டாட்டி கொசுவலை, திரை எல்லாம் உள்ளே போடணும், கதவு வெளியேதான் திறக்கணும் என்றாள். ஆசாரி யோசித்தார். "அதுக்கென்ன, அப்படியே திருப்பி வெச்சிட்டா போச்சி. தாழ்ப்பாள மட்டும் கழட்டி உள்ள மாத்தணும்." ஜன்னலைத் திருப்பினார்கள். உள்பக்கம் வெளியே போனது, கம்பி உள்ளே வந்தது. தாழ்ப்பாளை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவர் கிரகப்பிரவேசம் வரைக்கும் மறந்தேபோனார். அந்த நேரத்தில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. நன்றாகக் கவனியுங்கள், அக்கா நின்ற பக்கம் இப்போது வெளியே. கம்பிக்கு உள்ளே இருப்பது மாமா. ஏனென்றால் நல்ல காற்று வருகிற அறை என்று அதை அவருக்குத்தான் கொடுத்தான் சேகர்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் அந்த ஜன்னலை நானே திறந்து வைத்தேன். மாமா பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது போதும் என்று இருந்தது. அக்காவுக்குத்தான் போதவில்லை போலிருக்கிறது.

மத்தியானப் பந்தி முடிந்து மாமா படுக்கப் போனார். நான் பின்பக்கம் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீர் ஏறக்கூடாது என்று வீட்டை உயரத் தூக்கிக் கட்டியிருக்கிறான், பின்பக்கம் தரை பள்ளம், அந்த ஜன்னல் என் தலைக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்கும். உச்சி வெயில். கொடியில் போட்ட ஈரத்துணி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு இலை ஆடவில்லை. அப்போது ஜன்னல் கதவு இரண்டும் மெதுவாக, யாரோ கையில் பிடித்துச் சாத்துகிற மாதிரி, சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டன. தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இளைப்புச் சத்தம். அந்தச் சத்தத்தை நான் மறந்திருப்பேனா? ஆனால் அக்காவுடையது இல்லை, ஆம்பளைத் தொண்டை. மாமாவுக்கு வாழ்நாளில் இளைப்பு வந்ததில்லை.

"யாரு வெளிய? பச்சையம்மா! தொற... காத்து... கொஞ்சம் காத்து வேணும், தொறந்து வுடு..."

பச்சையம்மா நான்தான். அண்டாவைக் கீழே வைத்தேன். ஏணி கொட்டகையில் இருந்தது, அதை எடுக்க நான் ஓடவில்லை, நடந்துதான் போகலாம் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு அடி வைப்பதற்குள் பதில் வந்தது. என் வாயிலிருந்து இல்லை. என் தலைக்கு மேலே, அந்தக் கதவுச் சந்திலிருந்து.

"ஏன்டா, புடிச்சிருக்குற காத்து போதலியா ஒனக்கு?"

அக்கா குரல். உயிரோடு இருந்தவரைக்கும் அவரிடம் ஒருநாள்கூட 'ங்க' போடாமல் அவள் பேசினதில்லை.

உள்ளே அலறல். ஆட்கள் ஓடினார்கள். நான் ஏணியைச் சாத்தி ஏறித் தாழ்ப்பாளை எடுத்துத் திறந்தபோது, மாமா இரண்டு கம்பிக்கு நடுவில் முகத்தை அழுத்திக்கொண்டு, மீன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அறைக் கதவு விரியத் திறந்திருந்தது.

"அப்பா, ரூம் கதவு தொறந்துதான கீது? இந்தப் பக்கம் வர வேண்டியதுதான?" என்று சேகர் அவரை உலுக்கினான். அவர் வெறிக்க வெறிக்க ஜன்னலையே பார்த்தார்.

ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "என் தப்புதான், தாழ்ப்பாள மாத்தாம வுட்டுட்டேன். காத்துலதான் சாத்திக்கினு இருக்கும்." எல்லோரும் ஆமாம் காத்துதான் என்றார்கள். நானும் ஆமாம், காத்துதான் என்றேன்.

சாயந்திரம் சேகர் என்னிடம் தனியாக வந்தான். "சித்தி, அந்தப் பேச்சு... கூடத்துக்குக் கேட்டுச்சி. நீதான பேசுன?"

இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன சொல்வது? "ஆமாம்பா" என்றேன். அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டான். அன்றைக்குத்தான் அவன் அம்மாவுக்கு என்ன வியாதி இருந்தது, யார் ஆணி அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அதிலிருந்து அவன் அப்பாவிடம் பேசுவதில்லை. சோறு மட்டும் போகிறது.

மாமா இன்னும் இருக்கிறார். டாக்டர்கள் பார்த்தார்கள், நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் அவருக்கு மூச்சு வராது. சாத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார், சாத்தின பிறகு கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து அந்தச் சந்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார், அங்கே வருகிற நூல் காற்றுதான் அவர் நெஞ்சுக்குள் இறங்குகிறதாம். நெற்றி பட்டுப் பட்டுக் கம்பியில் பெயிண்ட் போய்விட்டது. தாழ்ப்பாள் இன்னும் வெளிப்பக்கம்தான் இருக்கிறது. மாற்றணும் என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமையில் ஏணி போட்டு ஏறி அந்தக் கதவின் வெளிப்பக்கத்தை நான்தான் துடைக்கிறேன். அக்கா என்னைவிடக் குள்ளம், ஏணி இல்லாமல் அந்த உயரத்துக்கு எந்த மனுஷ வாயும் எட்டாது. கொளுத்துகிற வெயிலில் மற்ற மரமெல்லாம் கை வைக்க முடியாமல் சுடும், அந்த வாய் அகலத்து இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கிறது. துணியை மோந்து பார்த்தால் ஓம வாசனை.