வசந்தா கையில் துள்ளிய போன்

உறுவையாற்றுப் பால் சங்கத்தின் வரவுசெலவு கணினிக்கு மாறியபோது, ஐந்து பெண்களை ‘ஒப்புதல் குழு’வில் சேர்த்தவன் நான்தான். அவரவர் பொறுப்பிலுள்ள செலவுக்கு அவர்கள் அனுமதித்தால்தான் பணம் நகரும். எனக்கு அப்படியொரு பெருமை!

அன்று தீவன லாரி வாசலில் நின்றது. பணம் வராமல் மூட்டையை இறக்க மாட்டேன் என்றார் ஓட்டுநர். மறுநாள் மாடுகளுக்குப் போட எங்களிடம் எதுவும் இல்லை. தீவனச் செலவு குழுவிலிருந்த பொருளாளர் வசந்தாவின் பொறுப்பு; அவர் ஒப்புதலை அழுத்தினார். ஓடிபி அவர் கணவரின் போனுக்குப் போனது. கல்யாணத்துக்குப் போயிருந்த அவர் எங்கள் அழைப்பை எடுக்கவே இல்லை. ஐவருக்கும் கணவர் எண்ணைத்தான் பதிந்திருந்தேன். ஊர் வழக்கம்; கேட்கத் தோன்றவில்லை.

“அட்மின் நான்தானே, நானே போட்டுடறேன்” என்றேன்.

“நீயே போட்டா எங்க பேரு இன்னாத்துக்குணா? நம்பர மாத்து” என்று வசந்தா பையிலிருந்து தன் புதுப் போனை எடுத்தார்.

மாற்றினேன். மறுபடி ஒப்புதலை அழுத்தியதும் ஓடிபி வந்து, போன் அவர் உள்ளங்கையில் கெண்டை மீனாய்த் துள்ளியது! அந்த ஓடிபியைப் போட்டதும் திரை பச்சையானது, சற்று நேரத்தில் வாசலில் மூட்டைகள் தொப்தொப்பென்று இறங்கின. “என்னுதும் மாத்துணா!” என்று மற்ற நால்வரும் என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் வசந்தாவின் கணவர் அழைத்தார். “இன்னாடி, ஏதோ நம்பர் வந்துகீது, சொல்லட்டா?”

“வேணாய்யா, நீ பந்தியில ஒக்காரு.”

பெயரை ஏற்றியதையே உரிமை கொடுத்ததாக நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் யாரைச் சேர்த்தாலும் முதலில் கேட்கிறேன்: “இந்த போன் யார் கையில இருக்கும்?”