நான் மாற்றாமல் விட்ட கிரவுன் ஆயில்

லாரிகளோடு இருபத்தாறு வருடம் பிழைத்தவன் நான். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் வண்டிகளின் பராமரிப்பைப் பார்ப்பது என் வேலை. எந்த வண்டிக்கு எப்போது எஞ்சின் ஆயில், எப்போது கிரவுன் ஆயில் என்று ஷெட் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டுக்குள் கிரவுன் சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இருக்கின்றன. எஞ்சினின் சுற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அந்தக் கூடு. புத்தகத்தில் டிஃபரன்ஷியல் என்று போட்டிருக்கும். எங்கள் பக்கம் கிரவுன் என்றால்தான் தெரியும். அதில் ஆயில் வற்றினால் என்ன ஆகும் என்று டிரைவர்களிடம் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். என் சொந்தக் காருக்கு அதைச் செய்யாமல் விட்டேன்.

அந்தக் கார் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவின் பின்புறத்தில் கோழி அடைந்து கிடந்தது. வெளிநாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. உட்கார்ந்தால் கையைத் தொங்கவிட்டு ரோட்டைத் தொட்டுவிடலாம் போல அவ்வளவு தாழ்வு. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன். எஞ்சினை இறக்கி ஏற்றினேன், கியர் பாக்ஸைப் பிரித்தேன், கரும்பச்சை அடித்தேன். கிரவுனை மட்டும் திறக்கவில்லை. அதில் சத்தம் இல்லை, எதற்குக் கை வைப்பது என்று இருந்துவிட்டேன்.

என் மனைவி கிராம சுகாதாரச் செவிலியர். இடது கைப் பழக்கம் அவளுக்கு. சாப்பிடுவது மட்டும் வலது கையில், மற்ற எல்லாம் இடது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் அந்தக் கையால்தான். பக்கத்து ஊர்த் தாய்மார்கள் அவள் இருக்கும் நாளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார்கள். ஊசி உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் குழந்தை அழலாமா என்று யோசிக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கெங்கவல்லியில் அவளுடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். பஸ்ஸில் போகலாம் என்றாள். நான்தான் காரில் போகலாம் என்றேன். நாலு பேர் பார்க்க அதில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சேலம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, பின்னால என்னமோ ஊளையிடற மாதிரி சத்தம் கேக்குதுங்களே?"

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

அயோத்தியாப்பட்டணம் தாண்டினோம்.

"சத்தம் ஜாஸ்தியாவுதுங்க. ஓரமா நிறுத்திப் பாத்துட்டுப் போலாமுங்க."

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. வாழப்பாடியில டீ குடிக்க நிறுத்தறப்பப் பாத்துக்கலாம்."

வாழப்பாடி வரவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே நொடியில் இறுகிப் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. கார் குறுக்காகச் சறுக்கி, அரைவட்டம் சுற்றி, இடப்பக்கமாக ஒரு மண்மேட்டிலும் அதிலிருந்த கல்லிலும் உரசிக்கொண்டே போய் நின்றது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. பிடிமானத்துக்காகக் கதவின் மேல்விளிம்பைப் பற்றியிருந்த அவளுடைய இடது கை, கதவுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

சேலத்தில் இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஊசி போட முடியாது என்று ஆனதும் ஆபீசில் கோப்பு பார்க்கும் வேலை கொடுத்தார்கள். வலது கையால் எழுதப் பழகினாள். முதல் மாதம் அவள் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது. ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒருத்தி வீட்டுக்கே வந்து, "நீங்களே போட்டுடுங்க அக்கா" என்று நின்றாள். மனைவி கையை நீட்டிக் காட்டினாள்.

லாரியில் ஏற்றி வந்த காரை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் தள்ளி, ஒரு மாதம் கழித்துக் கிரவுனைத் திறந்தேன். ஆயில் இல்லை. அடியில் கைப்பிடி அளவு கறுப்புச் சேறு. பினியன் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து ஒட்டியிருந்தது. திரும்ப மூடித் தார்ப்பாய் போட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில் சொன்னேன்: "பழைய காலத்துப் பார்ட்ஸ், சொல்லாம கொள்ளாம ஒடஞ்சுபோச்சு."

அது பொய். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் காலையில் காரின் பின்பக்கம் தரையில் ஆயில் சொட்டு கிடந்தது. ஆயிலை வெளியே விடாமல் அடைத்திருக்கும் சீல் போயிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் போட்டேன். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று எட்டு ஞாயிறு போனது.

போன வருடம் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே மனைவி சொன்னாள்: "அதைய ஒண்ணு சரி பண்ணுங்க, இல்லீன்னா வித்துப்போடுங்க. இப்படி மூடி வெச்சிருக்கறது பொணத்த வெச்சிருக்கற மாதிரி இருக்குதுங்க."

விற்க மனம் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். கிரவுனும் பினியனும் எங்கெங்கோ சொல்லி வைத்து வரவழைத்தேன். பேரிங், சீல் எல்லாம் புதிது. பூட்டிய பிறகு தனியாகவே ஓட்டினேன். சேலம் வரை போவேன், திரும்புவேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் முதல் ஆயிலை மாற்ற வேண்டும். புதுப் பற்கள் ஒன்றோடு ஒன்று உரசிப் படியும்போது உதிரும் இரும்புத்தூள் அந்த ஆயிலில் சேர்ந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் சூடாகி இளகட்டும் என்று காரைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்தேன். நான்கு பக்கமும் ஒரே மட்டமாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். அடியில் கோணியை விரித்துப் படுத்தேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்பேனர். இரண்டும் ஒத்துவரவில்லை. அப்போது கொலுசுச் சத்தம் கேட்டது. விபத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை.

"டார்ச்சக் குடுங்க. நான் காட்டறேன்."

பின்பக்கம் தரையில் உட்கார்ந்து வலது கையால் வெளிச்சம் காட்டினாள். எனக்கு அவள் முழங்காலும் அந்தக் கையும் மட்டும் தெரிந்தன.

"கீழ இருக்கறதக் கழட்டுனாத்தானுங்க ஆயில் வரும்? எதுக்கு மேல இருக்கறதக் கழட்டறீங்க?"

"நிரப்பற பிளக்கு தொறக்குதான்னு மொதல்ல பாத்துக்கோணும். வடிச்சுப்போட்டு இது தொறக்கலீன்னா, ஆயில் ஊத்த வழியில்லாம வண்டி இங்கயே நின்னுக்கும்."

மேல் பிளக் திறந்தது. அடுத்து அடிப் பிளக்கைத் தளர்த்தினேன். கிரவுன் ஆயிலுக்கென்று உள்ள அந்த அழுகிய பூண்டு நாற்றத்தோடு, பழைய ஆயில் அடியில் வைத்திருந்த தட்டில் கயிறு போல இறங்கியது. வெளிச்சத்தில் வெள்ளிப்பொடி மினுங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மாவு மாதிரித் தூள்தான், சில்லு எதுவும் தட்டுப்படவில்லை. நல்லதுதான்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு இதுக்குள்ளார எவ்வளவு ஆயில் இருந்துச்சுங்க?"

காருக்கு அடியில் படுத்திருப்பவன் எழுந்து போகவும் முடியாது.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "ரெண்டு மாசமா ஒழுகிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

வெளிச்சம் ஆடவில்லை.

"எனக்கும் தெரியுமுங்க. நீங்க போட்ட அட்டைய எடுத்துப்போட்டு, கறை மேல மரத்தூளப் போட்டுக் கூட்டுனது நாந்தானுங்க. ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ."

"அப்ப ஏன் சொல்லல?"

"முப்பது லாரிக்கு ஆயில் பாக்கறவருக்கு நான் என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன். ரோட்டுல ரெண்டு தடவ சொன்னேன். மூணாந்தடவ கத்தியிருக்கோணும். அத நெனச்சு நெனச்சுப் பல நாள் தூங்காம இருந்திருக்கறனுங்க."

நான்கு வருடமாக என்னை மட்டுமே குற்றவாளியாக வைத்து உள்ளுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அவளும் தன்மேல் ஒன்று நடத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

"உம்மேல என்ன தப்பு?" என்றேன்.

"கையி போனதுக்கு உங்கள நான் கோவிச்சுக்கலீங்க. பார்ட்ஸு ஒடஞ்சுபோச்சுன்னு வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்களே. என்ற அக்கா ஊட்டுலயும் சொன்னீங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அதுதானுங்க இன்னும் ஆறல."

ஆயில் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றது. அடிப் பிளக்கைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். பூட்டினேன். புது ஆயிலை நிரப்ப ஆள் வேண்டும். பாட்டிலை அவள் உயரத் தூக்கிப் பிடித்து அமுக்கினாள், அதில் மாட்டிய குழாயை நான் மேல் துளையில் பிடித்துக்கொண்டேன். "வந்துருச்சுங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். கடைசியில் துளையின் விளிம்பில் ஆயில் ததும்பி வழிந்தது. போதும் என்றேன். மேல் பிளக்கையும் பூட்டிவிட்டு வெளியே வந்து எழுந்தபோது அவள் வீட்டுக்குள் போயிருந்தாள். டார்ச்சை அணைத்துத் தரையில் வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் இருவரும் பஸ்ஸில் கெங்கவல்லி போனோம். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் கிளம்புகிறேன் என்றதும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மரவள்ளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். சொம்பில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகச் சொன்னேன். ஆயில் ஒழுகியது, எனக்குத் தெரியும், பார்க்காமல் விட்டேன், பிறகு பொய் சொன்னேன்.

அக்காவின் கணவர் தரையைப் பார்த்தபடி, "இத வந்து சொல்ல நாலு வருசம் ஆச்சா?" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தங்கையின் கையைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்கக்கா. அப்பவே தெரியும்."

அக்கா எழுந்து சமையலறைக்குள் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு இலை போட்டார், எனக்கும் சேர்த்துத்தான். இன்று வரை அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. போனில் தங்கையிடம் பேசும்போது, வைக்கிற நேரத்தில், "அவரு நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்கிறார். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த மண்மேடு வந்தபோது எனக்குக் காட்டினாள். இப்போது அதன்மேல் கருவேலம் முளைத்திருக்கிறது. "இது இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும்னு நெனச்சுட்டிருந்தேனுங்க" என்றாள்.

காரை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறேன். அவள் ஏறுவதில்லை. ஏறச் சொல்லி நானும் கேட்டதில்லை. ஆனால் நான் கிளம்பிப் போன பிறகு, கார் நின்ற இடத்தில் சொட்டு எதுவும் கிடக்கிறதா என்று ஷெட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.