பழைய படத்தின் ஓரம்

அப்பாவின் சட்டையில் எப்போதும் அமோனியா வாடை அடிக்கும். நெய்வேலியில் சுரங்கத்துப் பணிமனைகளுக்கு எந்திர வரைபடங்களை அமோனியா ஆவியில் பிரதி எடுத்துக் கொடுக்கும் அறையில் அவருக்கு வேலை. பெயர் பரமசிவம். பணிமனையில் 'பழசு' பரமசிவம்.

படத்தில் ஓர் அளவு மாறினால் அதன் பதிப்பு எழுத்தும் மாறும்; ஏ என்பது பி ஆகும், பி என்பது சி ஆகும். புதிய பிரதியில் வாங்குபவர் பெயரை எழுதிச் சைக்கிளில் கொண்டுபோவார். பழையதை வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தால் யாராவது பழைய அளவில் இரும்பைக் கடைந்துவிடுவார்கள். வீட்டிலும் அதே சட்டம். தேய்ந்த பென்சிலைக் கொடுத்தால்தான் எனக்குப் புதுப் பென்சில். "பொண்டாட்டியைத் திருப்பி வாங்க ஆபீஸ் இல்லை, அதான் நான் தப்பிச்சேன்" என்பாள் அம்மா.

நான் பத்தாவது படித்தபோது கன்வேயர் உருளையின் ஷாஃப்டுக்கு 'சி' படம் வந்தது. பேரிங் உட்காரும் இடத்தில் அளவு மாறியிருந்தது. 'பி' இருந்தது லேத் ஓட்டும் தனகோட்டியிடம். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். அவர் அதைத் தரவில்லை.

"தொலஞ்சி போச்சி சார்."

"தொலஞ்சுதா, உன் டூல் பெட்டியில தூங்குதா?"

"தூங்குறத இன்னாத்துக்கு எழுப்பிகினு? புதுச குடுங்க, வேல பாக்கணும்."

"பழசைக் கொடு, தரேன்."

கன்வேயர் நின்றிருந்தது. ஃபோர்மேன் இருவரையும் சேர்த்துத் திட்டினார். கடைசியில் தனகோட்டி பெட்டியைத் திறந்தார். படத்தின் ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து. பக்கத்து லேத்தில் இருந்த சிங்காரவேல் எழுதியது. எங்கே மெதுவாக ஓட்ட வேண்டும், எங்கே அதிரும். நடுவில் ஒரு வரி: 'கோட்டி, இந்த எடத்துல பாட்டு பாடாத.'

சிங்காரவேல் அந்தக் கோடையில் மஞ்சள் காமாலையில் போயிருந்தார்.

"அவன் எழுத்து அவன் வூட்லகூட இல்ல சார்."

அப்பா படத்தை மேஜையில் விரித்தார். இரும்பு ஸ்கேலை வைத்து ஓரத்தை நீளமாகக் கிழித்தார். துண்டின் கீழே 'பழசு பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். துண்டு தனகோட்டிக்கு. அளவுகள் இருந்த மீதி, அழிப்பதற்காக அவர் பைக்குள்.

நான் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டரில் எந்திரப் படம் வரைகிறேன். மூல ஃபைலில் ஓர் அளவை மாற்றினால், அதை நம்பியிருக்கும் பாகங்களுக்கும், மெஷினுக்குப் போகும் கட்டளைகளுக்கும் எதிரே 'பழையது' என்று திரையில் வரும். போன பொங்கலுக்கு அப்பாவிடம் சொன்னேன், இனி யாரும் சைக்கிளில் போக வேண்டாம் என்று.

"ஓரத்துல எழுதினது எங்கேம்மா போகும்?"

"ஓரமே கிடையாதுப்பா."



புரட்டாசியில் அப்பா இறந்துபோனார். காரியத்துக்குத் தனகோட்டி வந்தார். பர்ஸிலிருந்து மடித்த துண்டை எடுத்துக் காட்டினார். பென்சில் மங்கியிருந்தது. அப்பாவின் மை மங்கவில்லை. அதை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன்.

"குடுக்கலாம் பாப்பா. ஆனா சார் சட்டம் தெரியுமில்ல? பழச வாங்கினா புதுசு குடுக்கணும்."

சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டை என் கையில் வைத்தார்.

என்னிடம் புதியது ஏதும் இல்லை. துண்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். அது அப்பா அவர் பெயருக்குக் கொடுத்த பிரதி.