ராஜாவைத் தாவ விடாத மிஷின்

இன்று காலை டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. பின்மூடியைத் திறந்தேன். செல் ஒழுகி, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு காரமான நாற்றம். என் மனைவி எட்ட நின்றபடியே, "செஸ் மிஷின் வாசன வருதுல்ல?" என்றாள். அதேதான். ரிமோட்டை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு இதை எழுதுவதும் அதனால்தான். மற்றபடி எனக்கு எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது.

அந்த மிஷினை எங்கள் கல்யாணத்துக்கு அவள் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான். காயைக் கட்டத்தில் அழுத்தி வைத்தால் தெரிந்துகொள்கிற தட்டையான ஒரு செஸ் போர்டு, ஓரத்தில் குட்டிக்குட்டி சிவப்பு விளக்குகள், கீழே வரிசையாகப் பொத்தான்கள், வயிற்றுக்குள் ஆறு பென்சில் செல். "மாமாவுக்கு செஸ்ஸுன்னா உசுருன்னாங்க" என்று நீட்டினான். உசிர்தான். ஆனால் அப்போது ஆரணியில் என்னோடு ஆட ஒருத்தனும் இல்லை. அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

காரணம் என் வாய். நான் அட்டை அடிக்கும் வேலையில் இருந்தேன். சேலை பார்டரில் மயிலும் மாங்காயும் வருகிறதே, அது வர வேண்டுமானால் தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் தொங்க வேண்டும். துளை போடுவது நான். அதே தெருவில் முனுசாமி. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பேர்; பழைய பாவு தீரும்போது புதுசை அதோடு இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது அவன் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. ஞாயிற்றுக்கிழமை போர்டு விரித்தால் சாப்பாடு மறந்துபோகும்.

எங்கள் ஊர் ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். அதற்கு முன்னால் அவனுக்கு செக் விழுந்திருக்கக் கூடாது. செக்கை வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத செக், செக் இல்லை. ஒருநாள் நான் ராஜாவைத் தாவவிட்டேன். முனுசாமி என் கையைப் பிடித்தான்.

"அப்பவே செக்கு சொல்லிட்டேன். தாவக் கூடாது."

"எனக்குக் கேக்கல."

"செவிடனுக்கு ஆட்டம் ஒரு கேடா?"

சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். நான் போர்டைத் தூக்கிக் கவிழ்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நூல் முடியுற பயலுக்கு ஆட்டம் இன்னாடா தெரியும்?" என்றேன். அவன் முகம் எப்படிப் போனது என்று இப்போதும் சொல்ல முடியும், சொல்ல விருப்பமில்லை. அன்றோடு பேச்சு நின்றது. எட்டு மாதம். என் கல்யாணத்துக்கும் வரவில்லை. பந்தியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மற்றவர்களும் என்னோடு உட்காரவில்லை. போர்டைக் கவிழ்க்கிறவனோடு எவன் ஆடுவான்?

ஆக, மிஷின்தான் துணை. அதோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு எதற்குப் புத்தகம் என்று நானே பொத்தானை அமுக்கினேன். லெவல் எட்டில் வைத்தேன். அது யோசித்தது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. குளித்துவிட்டு வந்தேன், சாப்பிட்டேன், அப்போதும் மின்னியது. கெட்டுப்போனது என்று ஓர் அறை விட்டேன். நாலைந்து கட்டங்கள் ஒன்றாக அழுந்தி அது கீக் கீக் என்று கத்தியது. சத்தம் பேஜார் என்று சத்தத்தை நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடித்து நிறுத்தினேன். அப்புறம் அது செக் வைத்ததே தெரியாமல் தோற்றேன். லெவல் ஒன்றிலும் தோற்றேன். இதையெல்லாம் வெளியே சொல்லாதீர்கள்.

என் மனைவி வெம்பாக்கத்தில் பத்தாவது வரை படித்தவள். ஒரு மத்தியானம் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தாள். நான் நிறுத்தின சத்தத்தையும் திருப்பி வைத்தாள்.

"ஏங்க, இந்தப் பொத்தான அமுக்கினா அது ஆடாதாம். ரெண்டு பேர் ஆடலாம். யாரு தப்பா வெச்சாலும் கத்துமாம். பஞ்சாயத்து மாதிரி."

"ரெண்டு பேருக்கு எங்க போறது?"

"கல்யாணத்துக்கு வராத ஆளைக் கூப்புடுங்க."

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் அவன் பாவு சேர்த்துக்கொண்டிருந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு: "மிஷின் ஒண்ணு வந்துகீது. யாரு தப்புன்னு அதுவே சொல்லட்டும். வர்றியா?"

அவன் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழம" என்றான்.

வந்தான். அன்றைய ஆட்டத்தைக் காய்க்குக் காய் அப்படியே அடுக்கினான். எட்டு மாதமாக அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் ராஜாவைத் தாவவிட்டேன். மிஷின் கத்தியது.

"பாத்தியா? பாத்தியா? யம்மா, நீங்களும் பாத்துக்கோங்க!" என்று என் மனைவியைச் சாட்சிக்கு இழுத்தான்.

"இரு. செக்கே விழாத ராஜாவத் தாவவிட்டுப் பாக்கலாம்" என்றேன். புதிதாக அடுக்கி அவனே தாவவிட்டான். அதற்கும் கத்தியது. அவன் விரல் பட்டும் படாமலும் அமுக்குகிற விரல், அதனால் இருக்கும் என்று நான் அழுத்தி வைத்தேன். இன்னும் கத்தியது.

முனுசாமி மிஷினையே பார்த்தான். "இன்னாடா இது? இதுக்கு ஆட்டமே தெரியல."

"புத்தகத்துல ராஜா தாவக் கூடாதுன்னுதாங்க போட்டிருக்கு" என்றாள் அவள்.

"புக்கு தப்பு" என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அப்புறம் என்ன, சிங்கப்பூரை இரண்டு பேருமாகத் திட்டினோம். காய்களை நம் இஷ்டத்துக்கு அடுக்க முன்னால் அமுக்கின பொத்தான் ஒன்று இருந்ததே. அதை அமுக்கி, ராஜாவைத் தூக்கித் தாவின கட்டத்தில் வைத்து, மறுபடி அமுக்கினால் மிஷின் வாயை மூடிக்கொண்டது. ஒரு தாவலுக்கு இவ்வளவு வேலை. முனுசாமி அமுக்கும்போது சொன்னேன்: "அன்னிக்கு உன் வேலையச் சொன்னது..."

"ஆடுறா மொதல்ல" என்றான். ஐந்து நிமிஷம் கழித்துத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி "செக்கு!" என்று கத்தினான்.

மிஷின் இன்று இல்லை. ஒருமுறை மறந்து செல்லோடு பரணில் போட்டுவிட்டோம், ஒழுகி உள்ளே அரித்துவிட்டது. ராஜாவின் அந்தத் தாவலும் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் போனில் ஆடுகிறார்கள். நன்றாகவே ஆடுகிறார்கள். என்னைப் பத்து நிமிஷத்தில் தோற்கடிக்கிறார்கள். ராஜா தாவுவான் என்று சொன்னால் பெரியவர் உளறுகிறார் என்று பார்க்கிறார்கள். அதற்காக நான் அழப்போவதில்லை.

முனுசாமி இப்போது தேசூரில் மகள் வீட்டில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பஸ் ஏறி வருகிறான். மரப் போர்டுதான். போன தடவை ஒரே ஆட்டத்தில் ராஜாவை இரண்டாவது முறை தாவவிட்டான். மறந்துவிட்டானா, வேண்டுமென்றே செய்தானா, தெரியாது. பார்த்தேன். என் மனைவியும் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தாள். நான் என் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி வைத்தேன்.