அசீசுன்னிசாவின் துவைகல்

துணிக்கு ஆள் பெயர் வைத்துத்தான் அடிப்பாள் அசீசுன்னிசா. "இது கெணத்துக் கயித்த அறுத்தவன்!" என்று ஒரு வேட்டி கல்லில் இறங்கும். "இது ரேஷன்ல புழுத்த அரிசி போட்டவன்!" என்று அடுத்தது ஒரு காக்கி நிஜார். யார்மேல் கோபம் அதிகமோ, அவர் பெயர் வாங்கிய துணி பளிச்சென்று வெளுத்துவிடும். செஞ்சி போலீஸ்காரர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் துணி போட வேறு வீடு தேடியதில்லை. புருஷன் கரீம் கண்ணை மூடிய பிறகு அந்தக் கல்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

கல் கிடந்தது கொல்லை மூலையில், சுவரை ஒட்டி, வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க நாலு பேரு பாக்கத் தொவைக்கிறதாவது!" என்று கொழுந்தன் மஜீத் அங்கே போட வைத்தது அது.

சுவருக்கு அந்தப் பக்கம் ரங்கநாதனின் மல்லாட்டைக் கிடங்கு. ஒருநாள் அவர் கடலை மூட்டைகளைப் புரட்டினால் அடியெல்லாம் பூஞ்சை. சுவரைத் தொட்டால் கையில் ஈரம். நேரே கொல்லைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, உன் கல்லாலதான் என் செவுரு ஊறுது. எடுத்துடு. செட்டிக்குளத்துல போயித் தொவையேன்."

"கொளத்துக்குப் போறதுக்கு எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க. கல்ல எடுத்துட்டா நான் இன்னாத்த சாப்புடுறது? மொதல்ல உங்க ஓட்டப் பாருங்கண்ணே, ஒழுகியிருக்கும். எலி வளை தோண்டியிருக்கும். உங்க தொட்டியே வெடிச்சிருக்கும்!"

பாவம், மனிதர் எல்லாவற்றையும் பார்த்தார். ஓடு மாற்றினார், வளையை அடைத்தார், தொட்டியைக் காலி செய்தார். ஈரம் போவதாகக் காணோம்.

மஜீத் சமாதானம் பேச வந்தார். "பக்கத்து வூட்டுக்காரர்கிட்ட எதுக்கு வம்பு, அண்ணி? தொவைக்கிறத வுட்டுட்டு எங்களோட வந்து இருந்துடுங்க."

அங்கே போனால் காலம் பூராவும் அவர் வீட்டு அடுப்படிதான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை டப்பாவோடு வாளியில் கவிழ்த்துக் கலக்கினாள். சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே! இந்தத் தண்ணிய கல்லு மேல ஊத்துறேன். உங்க செவுத்துல நீலம் தெரிஞ்சா இந்தக் கல்லு இங்க இருக்காது. தெரியலன்னா இனிமே என் கல்லப் பத்தி மூச்சு வுடக்கூடாது!"

வாளி வாளியாக ஊற்றினாள். கை நீலம், கால் நீலம், சேலையெல்லாம் நீலம்.

மறுநாள் கிடங்குச் சுவரிலும் நீலம். மூட்டைகளுக்குப் பின்னால், மயில் கழுத்து நிறத்தில், நல்ல அகலமாகப் படர்ந்திருந்தது. கொல்லையில் குனிந்து பார்த்தால், துவைத்த தண்ணீர் ஓட கரீம் தன் கையால் பூசிய கால்வாயில், கல்லுக்கு நேர் அடியில், வெடிப்பு.

"பாத்தியாம்மா?" என்றார் ரங்கநாதன். மஜீத்துக்குத்தான் முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப துணிமணிய எடுத்துக்கிட்டு கெளம்புங்க, அண்ணி."

அவள் கடப்பாரையைத்தான் எடுத்தாள். கல்லை நெம்பினாள். ஒருவரையும் கிட்டே விடவில்லை. மூச்சிரைக்க மூச்சிரைக்கப் புரட்டிக்கொண்டே வீட்டு நடை வழியாக வாசலுக்குக் கொண்டுவந்து, புதிதாக நட்ட கரண்ட்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டாள். கோட்டை மலை உச்சியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற இடம்.

"அண்ணி, தெருவே பாக்குது!"

"பாக்கட்டும். இங்க எந்தச் செவுரும் ஊறாது."

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பின்கழுத்தில் இறுக்கி முடிந்தாள். ஊறவைத்த வேட்டியைத் தூக்கினாள். யார் பெயர் வரப்போகிறதோ என்று மஜீத் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இது அசீசுன்னிசா! ஊரான் மல்லாட்டைய நனைச்சவ!"

தெரு அதிர விழுந்தது அடி. பிழிந்து வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். தலைக்கு மேல் ஓங்கிப் பிடித்துக்கொண்டு, மஜீத்தை நிமிர்ந்து பார்த்தாள்.